செத்தல் இல்லாத கறித்தூள்

கத்தரிக்காயை விடுவது எனக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. தக்காளி போன இடத்தில் பழப்புளியும் தேசிக்காயும் வந்தன. உருளைக்கிழங்குக்குப் பதில் மரவள்ளி, வற்றாளை. என்னைப் படாத பாடு படுத்தியது மிளகாய்தான்.

கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் நான்கும் சொலனேசியே என்ற ஒரே தாவரக் குடும்பம். இவற்றைச் சாப்பிட்டால் எனக்கு வயிறு ஊதிவிடும். மறுநாள் காலையில் விரல் மூட்டுகள் மடக்க முடியாமல் விறைத்திருக்கும். இது அலர்ஜி அல்ல. இரத்தப் பரிசோதனையில் பிடிபடாது. உணவியலாளர் சொன்னபடி எல்லாவற்றையும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துத்தான் அறிந்தேன். மூட்டுவலிக்காரர் அனைவரும் இவற்றை ஒதுக்க வேண்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆகவே, என்னைப் பார்த்து யாரும் தக்காளியைக் கைவிட வேண்டாம். தோல் சீவிய உருளைக்கிழங்கு கொஞ்சம் எனக்கே ஒத்துக்கொள்கிறது.

கொழும்பில் மிளகாய்க்குத் தப்புவது பெரும்பாடு. மத்தியானச் சோற்றுப் பொதியில் பருப்பை நம்பினால் அதில் செத்தல் (காய்ந்த மிளகாய்) தாளித்திருக்கும். சொதியில் பச்சை மிளகாய் மிதக்கும். கடையில் கேட்டால், "காரமே இல்லை அக்கா" என்பார்கள். அதனால் செத்தல், பச்சை மிளகாய், தூள் என்று மூன்றையும் தனித்தனியே சொல்லிக் கேட்கிறேன்.

வீட்டுத் தூளை நானே செய்கிறேன். வெள்ளவத்தைச் சந்தையில் மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம் வாங்கி வந்து தனித்தனியாக வறுப்பேன். மல்லி பொன்னிறமாகி வாசம் எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். வெந்தயம் ஒரு நொடி கூடினாலும் கசந்துவிடும். கடைசியில் கறிவேப்பிலையைச் சட்டியில் போட்டு, கையில் நொறுங்கும் வரை வறுப்பேன். மில்லில் கொடுப்பதில்லை; எனக்கு முன் வந்தவரின் செத்தல் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும்.

இந்தத் தூளில் வைத்த பாரைமீன் குழம்பு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. மிளகாய் போர்த்துக்கேயரோடு வந்தது. அவர்கள் இங்கே கரையிறங்கியது 1505இல். அதற்கு முன் இந்தத் தீவில் உறைப்பென்றால் மிளகுதான். சிங்களவரின் அம்புல் தியல் என்ற புளிப்பான மீன் கறியில் கொறக்காய்ப் புளியும் மிளகும் சேர்ந்து தரும் சுவையை உண்டு பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பக்கத்து வீட்டு மாமி இப்போது தாளிப்பதற்கு முன்பே, "இது உனக்குப் பிள்ளை" என்று ஒரு கிண்ணம் பருப்பை எடுத்து வைத்துவிடுகிறார். எனக்கு வேண்டியதெல்லாம் இவ்வளவுதான். பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையில் இப்படி எடுத்து வைக்கச் சம்மதிக்கும் சாப்பாட்டுக் கடை ஏதும் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் இன்னும் சிலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.