ஒட்டு மேசைக்கு எத்தனை துளை?

பெட்டி ஒட்டும் மேசையின் மேல்பலகையை ஒருவழியாகக் காகிதத்தில் வரைந்துவிட்டேன். கொளத்தூர் வீட்டு கார் ஷெட்தான் என் பட்டறை. அலமாரியோ கிச்சன் பெட்டியோ, ஃபெவிகால் தடவி மூலை சேர்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வேலை நேராவதும் கோணுவதும். அப்போது பலகையைப் பிடித்துக்கொள்ள மேசையே உதவ வேண்டும். துளையில் டாக் என்னும் குட்டை முளையைச் செருகினால் பலகை அதில் முட்டி நிற்கும். கிளாம்பின் தண்டை உள்ளே விட்டால் மேசையின் நடுவிலும் இறுக்கலாம்.

துளை 20 மி.மீ., மையத்துக்கு மையம் 96 மி.மீ. ஜெர்மன் கருவிக் கம்பெனியான ஃபெஸ்டூலின் மேசை அளவு இது. 96 என்பது மூன்று 32. மாடுலர் கிச்சன் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த 32 பழக்கம். கீல் தகட்டின் ஸ்க்ரூ துளைகள் அந்த இடைவெளியில்தான் இருக்கும். கடையில் 96 கைப்பிடி என்று கேட்டு வாங்குவதும் இதே கணக்குதான். நம் ஆசாரிகளின் கணக்கு நூல். ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. அந்தத் துளையில் 20 மி.மீ. டாக் இறங்காது, 20 துளையில் ஆறு நூல் டாக் ஆடும். அதனால் டாக்கைக் கையில் வாங்கிய பிறகுதான் துளை போட வேண்டும், அதுவும் முதலில் ஒரு துண்டுப் பலகையில்.

பலகை 1200-க்கு 720. நீளத்தில் 12 துளை, அகலத்தில் 7. நான்கு பக்கமும் 72 மி.மீ. விளிம்பு மிஞ்சுகிறது. 8-க்கு 4 ஷீட்டில் இப்படி மூன்று பலகை எடுக்கலாம்.

கட்டம் முழுவதும் போட்டால் 84 துளை. மேசைமேலேயே டிராக் சா (தண்டவாளம் போன்ற பட்டையில் ஓடும் ரம்பம்) வைத்து அறுப்பவர்களுக்கு அது தேவைதான். எனக்கு அறுக்கும் இடம் தனி. ஒட்டும் மேசையில் நடுத்துளைகள் கூடக்கூட ஸ்க்ரூ கீழே விழும், பசை ஒழுகும், சின்னத் துண்டுகள் நிற்க இடம் இருக்காது. ஆகவே முன்வரிசையும் இடது வரிசையும் மட்டும் 96-இல் முழுசாக. உள்ளே 192-க்கு ஒன்று. மொத்தம் 33. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

மூலைமட்டத்துக்கு அந்த இரண்டு வரிசையே போதும். மூலைத் துளையிலிருந்து முன்வரிசையில் எட்டு இடைவெளி தள்ளி 768, இடது வரிசையில் ஆறு தள்ளி 576. இரண்டுக்கும் குறுக்கே சரியாக 960 வர வேண்டும். பழைய 3-4-5 தான். இரண்டிலும் டாக் செருகி வெளிப்பக்கத்துக்கு வெளிப்பக்கம் டேப் பிடித்தால் 980. அப்பா ஐ.சி.எஃப்-இல் ஃபிட்டராக இருந்தவர். வரைபடத்தைப் பார்த்ததும், “துளைக்குத் துளை அளந்துகிட்டுப் போகாதம்மா, எல்லாத்தையும் அந்த ஒரே மூலையிலிருந்து எடு” என்றார். ஒவ்வொரு துளையிலும் கால் மில்லி தவறினாலும் பன்னிரண்டாவது துளைக்குள் அது சேர்ந்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி-க்கு (கம்ப்யூட்டர் ஓட்டும் துளை மெஷின்) கொடுக்கப்போகும் படத்திலும் அளவெல்லாம் அந்த மூலையிலிருந்துதான்.

கீழே ஓர் அங்குல சதுரக் குழாயில் சட்டம். அதன் வெளிப்பக்கம் பலகை விளிம்பிலிருந்து 107 மி.மீ. உள்ளே. அப்போதுதான் குழாய் முதல் வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் உட்காரும், விளிம்பில் சாதாரண எஃப் கிளாம்ப் மாட்டவும் இடம் கிடைக்கும்.

பலகை 18 மி.மீ. எச்டிஎச்எம்ஆர் (ஈரம் தாங்கும் அடர்த்தியான மரநார்ப் பலகை), சைடன்ஹாம்ஸ் ரோட்டில் வாங்குவேன். சாதாரண மரநார்ப் பலகையான எம்டிஎஃப் விலை குறைவு, ஆனால் நம் ஊர் ஐப்பசி மழைக்கு அது ஊதும். துளை ஒவ்வொன்றும் ஈரம் நுழைய ஒரு வாசல். எச்டிஎச்எம்ஆர் ஆனாலும் துளைச்சுவரில் சீலர் மெல்லிசாகத் தடவ வேண்டும். சன்மைக்கா இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். காய்ந்த ஃபெவிகாலைப் பட்டி பிளேடால் தட்டினால் அதிலிருந்து உரிந்து வந்துவிடும். சட்டத்தோடு கீழிருந்து ஸ்க்ரூ மட்டும்தான், பசை கிடையாது. தேய்ந்தால் கழற்றி, மிச்சமிருக்கும் பலகையில் ஒன்றை மாட்டலாம்.

உயரம் 26 அங்குலம். இழைக்கும் மேசை அளவுக்கு வேண்டாம். இதன்மேல் 30 அங்குலப் பெட்டி நிற்கும்போது மேல்மூலைக் கிளாம்பைத் திருக எனக்கு ஸ்டூல் தேவைப்படக் கூடாது.