ரெக்கோலே அருவியில் ஒரு சும்மாடு

கனூவை, அதாவது துடுப்புப் படகை, கரையேற்றியதும் முதல் சண்டை, சாப்பாட்டுப் பீப்பாயை யார் தூக்குவது என்பதில்தான். இருபது கிலோ இருக்கும். சீட்டுக் குலுக்கியதில் என் தலையில் விழுந்தது.

கனடாவில், ஒன்டாரியோவின் பிரெஞ்ச் ஆற்றில் அது எங்களுக்கு நான்காவது நாள். நிப்பிஸ்ஸிங் ஏரியிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி ஜார்ஜியன் விரிகுடாவில் கலக்கும் ஆறு இது. நாங்கள் நான்கு பேர், இரண்டு கனூக்கள். உல்ஸ்லி விரிகுடாவில் இறங்கி, ஆற்றின் போக்கிலேயே வந்து, ரெக்கோலே அருவியில் நின்றுவிட்டோம். ஆறு குதிக்கும் இடத்தில் படகையும் மூட்டைகளையும் கரை வழியாகச் சுமந்து கடக்க வேண்டும். இங்கே அதற்குப் போர்ட்டேஜ் என்று பெயர். இந்த அருவியில் தூரம் கொஞ்சம்தான். ஆனாலும் பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மாண்ட்ரியலிலிருந்து வந்த வொயாஜர்கள், அதாவது தோல் வியாபாரிகளிடம் கூலிக்குத் துடுப்புப் போட்டவர்கள், இதே ஆற்றில் இறங்கி சுப்பீரியர் ஏரிக்கரையின் கிராண்ட் போர்ட்டேஜ் வரை போனார்கள். ஒரு மூட்டை 90 பவுண்டு, கிட்டத்தட்ட 41 கிலோ. ஓர் ஆள் ஒரு நடைக்கு இரண்டு மூட்டை. நம் ஊரில் தலையில் சும்மாடு வைப்போம். அவர்கள் நெற்றியில் தோல்பட்டை மாட்டி, பாரத்தை முதுகில் தொங்கவிட்டார்கள். குடல் இறங்கிச் செத்தவர்களும் உண்டு. வேகச்சுழிகளில் மூழ்கியவர்களுக்காகக் கரையில் மரச்சிலுவை நட்டார்கள். குட்டையான ஆட்களுக்கே வேலை கிடைத்தது என்பது எனக்குப் பிடித்த தகவல்: நீண்ட கால்கள் சரக்கின் இடத்தைத் தின்றுவிடுமாம். ஆறடி உயர நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் ரசிக்கவில்லை.

இத்தனை பாடும் பீவர் என்ற கொறிவிலங்கின் மயிரில் செய்த தொப்பிக்காக. பீவரின் அடிமயிரில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் உண்டு. ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு தொப்பிக்கு ஏற்ற அருமையான ஃபெல்ட் துணியாக இறுகும். (சில அகராதிகள் பீவரை நீர்நாய் என்கின்றன. நீர்நாய் மீன் தின்னும். பீவர் மரப்பட்டை தின்னும். இரண்டும் வேறு.) பூர்வகுடிகள் மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி உடுத்திப் பழசாக்கிய தோலுக்குத்தான் அதிக விலை. மேல்மயிர் தானாக உதிர்ந்து, தொப்பிக்காரனின் வேலை பாதி முடிந்திருக்கும். கட்டிய துணி புதுத் துணியைவிட விலை போன வியாபாரம் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

வொயாஜர்களின் வீரம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் படகுதான் பெரிது. பிர்ச் மரப்பட்டையை ஸ்புரூஸ் வேரால் தைத்து, அதே மரத்தின் பிசினால் பூசியது. அனிஷினாபே போன்ற பூர்வகுடி மக்களின் கைவேலை அது. சுமார் 11 மீட்டர் நீளப் படகு மூன்று டன் சரக்கு ஏற்றும். பாறையில் கிழிந்தால் காட்டிலேயே மருந்து கிடைக்கும். கவிழ்ந்தால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. 1960களில் முக்குளிப்பவர்கள் இந்த ஆற்றின் அடியிலிருந்து கோடரித் தலைகளையும் துப்பாக்கிக் குண்டுகளையும் எடுத்தார்கள்.

கெவ்லார் என்ற செயற்கை இழையாலான எங்கள் கனூ கிழிந்திருந்தால் பயணம் அத்தோடு முடிந்திருக்கும்.

மறுமுனையில் பீப்பாயை இறக்கிவிட்டுப் பாறையில் சாய்ந்தேன். வொயாஜர்கள் இந்த மாதிரி நேரத்தில் புகைக்குழாய் பற்றவைப்பார்கள். தூரத்தையே இத்தனை குழாய் என்றுதான் கணக்கிட்டார்கள். என்னிடம் இருந்தது கடலை மிட்டாய். பாதி தின்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். கூடாரப் பை அந்தப் பக்கமே கிடந்தது.