கிளாஸில் ஒரு டீ

ஜூன் 3, 2024, திங்கள்

மாற்றலாகி மதுரைக்கு வந்து முதல் நாள். நாற்காலி ஆடுகிறது, கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வரவில்லை. பதினோரு மணி டீ மட்டும் தவறாமல் வந்துவிட்டது. கீழே இருக்கிற கடையிலிருந்து ஃபிளாஸ்க்கில் வாங்கி வந்து, கட்டைவிரல் உயரக் காகிதக் கப்பில் ஊற்றித் தருகிறார்கள். இரண்டே மடக்கு. இரண்டாவது மடக்கில் காகித வாசம். பிளாஸ்டிக் பூசிய கப்புக்கு 2019 ஜனவரி முதல் தடை என்ற நோட்டீஸ் சுவரில் இருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் கப் அடுக்கு.

ஆண்கள் யாரும் ஃபிளாஸ்க் பக்கமே வரவில்லை. "ஒரு டீ அடிச்சிட்டு வந்துர்றேன்" என்று இரண்டிரண்டு பேராகக் கீழே இறங்கிப் போனார்கள். திரும்பி வரும்போது யாருக்கு எங்கே மாற்றல், எந்தக் கோப்பு யார் மேசையில் தூங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நானும் வரட்டுமா என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம், மேலேயே வந்துருமே" என்றார் ஒருவர். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார்.

ஜூன் 4, செவ்வாய்

இன்று வாக்கு எண்ணிக்கை. அலுவலகத்தில் வேலை நடந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பத்தரைக்கு நானே கீழே இறங்கிவிட்டேன்.

எட்டடிக்கு எட்டடிக் கடை. முன்னால் பித்தளை பாய்லர், விபூதிப் பட்டையும் குங்குமப் பொட்டுமாக. கண்ணாடிப் பெட்டிக்குள் வடை. 'இங்கு அரசியல் பேசாதீர்' என்ற பலகைக்குக் கீழே டிவி, டிவிக்குக் கீழே இருபது பேர். தமிழ்நாட்டின் 39 தொகுதியில் ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்துகொண்டிருந்ததால் எல்லோருடைய கண்ணும் விருதுநகர் மேல். திருப்பரங்குன்றம் அந்தத் தொகுதிக்குள் வருகிறதாம்; பெஞ்சில் பாதிப் பேருக்கு அது சொந்த விவகாரம். முன்னிலை மாறும்போதெல்லாம் யாராவது ஒருவர் "மாஸ்டர், இன்னொண்ணு" என்றார். கடைசியில் அது 4,000 சொச்சம் வாக்கில் முடிந்தது. அதற்குள் எத்தனை கிளாஸ் போயிருக்குமோ!

நான் போய் நின்றதும் பெஞ்சில் ஒரு சின்ன அசைவு. ஒருவர் மடக்கியிருந்த காலைக் கீழே போட்டார். ஒருவர் பீடியை அணைத்தார்.

"பார்சலா மேடம்?"

"இல்லை, கிளாஸ்லயே."

"சக்கரை?"

"கம்மியா. ஸ்ட்ராங்கா."

அவ்வளவுதான், வேறு கேள்வி இல்லை. மாஸ்டர் கிளாஸை வெந்நீரில் ஒரு சுழற்று சுழற்றினார். சர்க்கரை, பால், அதன் மேல் துணிப்பையில் வடிகட்டி டிகாஷன். வெள்ளைக்குள் செம்பழுப்பு நூலாக இறங்கிப் பரவுவதை நன்றாகப் பார்க்க முடிந்தது. பிறகு கை உயரத்திலிருந்து இரண்டே ஆற்று. கண் முழுக்க டிவியில். ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

கிளாஸை நடுவில் பிடிக்க முடியாத சூடு. பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, விளிம்பில் பெருவிரலும் அடியில் நடுவிரலுமாகப் பிடித்துக்கொண்டேன். பெஞ்சில் இடம் விட்டார்கள். உட்காரவில்லை. இன்றைக்கு நின்றதே போதும்.

ஜூன் 7, வெள்ளி

கடையில் போடும் அதே டஸ்ட் டீத்தூளைக் கேட்டு வாங்கி வீட்டில் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. மாஸ்டரிடம் முறையிட்டேன்.

"பாலையும் தூளையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க விட்டீகளாக்கா?"

"ஆமாம்."

"அது பாயாசம்ல!"

நாலு நாளில் மேடத்திலிருந்து அக்கா ஆகியிருக்கிறேன். அலுவலகத்தில் இதற்கு நாலு வருஷம் ஆகும்.

ஜூன் 12, புதன்

எங்களுடையது கும்பகோணத்துக் காபி வீடு. காலையில் பித்தளை டபராவும் டம்ளரும் மோதும் சத்தத்தில்தான் தெருவே எழுந்திருக்கும். ஆனால் அண்ணாந்து, தூக்கித்தான் குடிக்க வேண்டும். உதடு பட்டால் டம்ளர் எச்சில். டம்ளரின் வாய் வெளிப்பக்கமாக மடிந்திருப்பதே அதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும். டீக்கடை என்றாலே பாட்டிக்கு 'கண்டவன் வாய் வச்ச கிளாஸ்'. டீ கெடுதல் என்று பாட்டி சொன்னதே இல்லை. கிளாஸைத்தான் சொல்வாள்.

டீயை அப்படித் தூக்கிக் குடிக்க முடியாது. நேற்று யாரோ வாய் வைத்த விளிம்பில் இன்று நாம் வாய் வைத்தாக வேண்டும். இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எங்கள் பிரிவிலிருக்கும் அண்ணனிடம் சொன்னேன். அவர் பாதி வடையைப் பேப்பரில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க தாத்தாவுக்குக் கடையில தனி கிளாஸ்மா. வெளியே ஆணியில தொங்கும். குடிச்சிட்டு அவரே கழுவி, அவரே மாட்டணும். பெஞ்சு கிடையாது, தரையில குத்தவைக்கணும். அதுக்கும் முன்னாடி சிரட்டை."

1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அவர் அப்பா காலத்திலும் ஆணி அங்கேயேதான் இருந்ததாம். பிற்பாடு காகிதக் கப் வந்தபோது, ஊருக்கெல்லாம் கிளாஸ், இவர்கள் தெருவுக்கு மட்டும் கப். "ஆணிய மட்டும் பிடுங்கிட்டாங்க" என்று சிரித்தார்.

அதனால்தான் அவர் எந்தக் கடையிலும் கப்பில் கொடுத்தால் வாங்குவதில்லை. கிளாஸ் இல்லையென்றால் டீயே வேண்டாம் என்று வந்துவிடுகிறார். முதல் நாள் நான் காகித வாசம் என்று அலுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. இன்று டீக்குக் காசு அவரே கொடுத்தார்.

ஜூன் 15, சனி

குன்னூர். திங்கள் பக்ரீத் விடுமுறை என்பதால் தோழி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப் போனாள். உள்ளே நுழைந்ததும் பச்சை வாசனை ஆளை அடிக்கிறது. கொழுந்தை வாட விட்டு, பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விடுகிறார்கள். நசுங்கிக் கிழிந்து சுருண்டு குருணையாக விழுகிறது. இதுதான் சி.டி.சி. (கிரஷ், டேர், கர்ல்); 1930 வாக்கில் அஸ்ஸாமில் மெக்கெர்ச்சர் என்பவர் கண்டுபிடித்த எந்திரம். பச்சைக் குருணை காற்றுப் பட்டுக் கண் முன்னாலேயே செம்பு நிறமாகிறது. பிறகு சூட்டில் காய்ந்து கறுக்கிறது. நாலரை கிலோ கொழுந்து போனால் ஒரு கிலோ தூள். சல்லடையில் எல்லாவற்றுக்கும் அடியில் சேரும் பொடிதான் டஸ்ட். பொடி என்பதால் சாயம் சட்டென்று இறங்கும், கிலோவுக்கு அதிக கிளாஸ் தேறும். நம் டீக்கடையே இந்தப் பொடியின் மேல்தான் நிற்கிறது.

தோழியின் பாட்டி, 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களில் ஒருவர். இங்கே அரசின் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். டீ என்று அவர் சொல்வதில்லை, 'பிளேன்டீ'. பால் கிடையாது. உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு. எனக்கும் அப்படியே கொடுத்தார். சர்க்கரை நாக்கில் கரையும்போது கசப்பு பின்னாலேயே வந்து கழுவிவிடுகிறது. நாலு மிடறுக்குப் பிறகு, பாலில் இத்தனை வருஷம் டீயை ஒளித்துவைத்துக் குடித்திருக்கிறோமே என்று இருந்தது. (நாளைக்கே பால் டீ கேட்பேன், அது வேறு.)

"நல்ல தூள் வீட்டுக்கு வருமா பாட்டி?"

"பறிக்கிறவளுக்கு ஏது நல்ல தூளு? கப்பலேறிப் போயிரும்."

தோழி வர்க்கி கொண்டுவந்தாள். டீயில் முக்கி மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். நான் நாலு எண்ணிவிட்டேன். மீதியைக் கரண்டியால் எடுத்தேன்.

ஜூன் 20, வியாழன்

மின்வெட்டு. அலுவலகமே கடைக்கு இறங்கிவிட்டது. மூன்று பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். தினத்தந்தியின் நடுத்தாள் என் கைக்கு வந்தது. ஒரே பேப்பரை ஆறு பேர் ஆறு தாளாகப் பிரித்துப் படிப்பதால், ஒரு செய்தியின் தொடர்ச்சி எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும்; பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தப் பத்திரிகை 1942-இல் இதே மதுரையில்தான் தொடங்கியதாம். தாள் பரிமாற்றத்தில் கிடைத்த தகவல்.

ஜூன் 23, ஞாயிறு

கண் பரிசோதனைக்காக அப்பா நேற்று வந்தார். கும்பகோணத்திலிருந்து காபிப் பொடி, ஃபில்டர், டபரா, டம்ளர் எல்லாம் அவரோடு வந்திறங்கின. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். நான்கு தெரு தேடிவிட்டுக் கடைசியில்தான் கடைக்குப் போனேன். பெஞ்சு நடுவில் உட்கார்ந்து, காவிரியில் தண்ணீர் வராததைப் பற்றி யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கையில் கிளாஸ். சட்டையில் மார்புப் பக்கம் ஒரு பெரிய கறை.

"ஐயா அண்ணாந்துல குடிக்கப் பாத்தாரு" என்றார் மாஸ்டர். "நெஞ்சு வெந்துரும், வாய் வச்சுக் குடிங்கன்னு சொன்னேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "உன் வீட்டுப் பால் சரியில்லை, காபி எடுபடாது" என்றார், தெருவைப் பார்த்தபடி.

பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். எவ்வளவு என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"ஐயாவுக்கு மூணு டீ, ஒரு வடை."