திருவொற்றியூருக்கு எவ்வளவுண்ணே?

போன ஆடியில் கோவையிலிருந்து இரவு ரயிலில் அம்மாவோடு வந்து சென்னை சென்ட்ரலில் இறங்கினேன். திருவொற்றியூர்க் கோயிலில் வடிவுடையம்மனைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. ஸ்டேஷன் வாசலைத் தாண்டுமுன்பே ஆட்டோக்காரர் ஒருவர் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார். “திருவொற்றியூர்தானே, இருநூத்தம்பது குடுங்கம்மா.” சரியென்று ஏறிவிட்டோம்.

தேரடியில் இறங்கிப் பணத்தை நீட்டினால் வாங்கவில்லை. “தலைக்கு இருநூத்தம்பதுன்னுதானம்மா சொன்னேன்?” பை இன்னும் அவர் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து, நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார். விரல் நடுங்கியது. சன்னிதியில் நிற்கும்போதும் அவர் முகம் தெளியவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

2013-இல் அரசு வைத்த ஆட்டோ கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. கோயில் சுமார் 10 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 125 ரூபாய்கூட ஆகாது. இன்றைய பெட்ரோல் விலையில் அந்த ரேட்டுக்கு ஓட்டச் சொல்வது நியாயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். கூடக் கேட்கட்டும், பேரம் பேசிக்கொள்ளலாம். பேசியதை இறங்கும்போது மாற்றுவதைத்தான் பொறுக்க முடியாது. ஆப்பில் வண்டி போட்டால், “கேன்சல் பண்ணிட்டு நேரா குடுத்துடுங்க” என்பார்கள். செய்யாதீர்கள். அப்புறம் நீங்கள் அந்த வண்டியில் ஏறியதற்குப் பதிவே இருக்காது.

இந்த முறை யாரிடமும் பையைக் கொடுக்கவில்லை. சென்ட்ரலில் மெட்ரோவுக்கு இறங்கி விம்கோ நகர் ரயில் பிடித்தோம். 2021 பிப்ரவரியில் திறந்த பாதை அது. தண்டையார்பேட்டை வரை சுரங்கம். அதைத் தாண்டி ரயில் மேலே ஏறியதும் பெட்டிக்குள் வெயில் விழுந்தது. திருவொற்றியூர் தேரடி என்றே ஸ்டேஷன் இருக்கிறது, அங்கிருந்து கோயிலுக்கு நடைதான்.

தரிசனம் முடிந்து டோல்கேட்டில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும். மறுபடி படியேற அம்மாவுக்குக் கால் வரவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ காலியாக வந்தது. காலி வண்டியில் ஏறினால் தனிச் சவாரி என்று சொல்லிவிடுவார்களோ என்று நான் யோசிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். “ஷேர்தானுங்க தம்பி? ரெண்டு பேருத்துக்கும் சேத்தி எவ்வளவுங்க?”

“ஷேர்தாம்மா. ரெண்டு பேருக்கும் சேத்து நாப்பது. குந்துங்க.”

டோல்கேட்டில் நூறு ரூபாய்க்கு அறுபது மீதி வந்தது. அந்தத் தம்பி இறங்கி வந்து அம்மாவுக்குக் கை கொடுத்தார். “பாத்து எறங்கும்மா, பள்ளம் கீது.”