நாலு செடிக்கு ஒரு பெட்டி

ஜனவரி 5, 2025

கஞ்சா அறுவடை முடிந்த நான்கு துணிச் சாடிகளையும் இன்று பேஸ்மென்ற் தரையில் கவிழ்த்தேன். ஒவ்வொன்றும் ஐந்து கலன், 19 லீற்றர். நடுவில் மண் நல்ல ஈரம். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வறுத்த மா மாதிரி உதிர்கிறது. அதில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முத்து முத்தாக நின்று பக்கத்தால் உருண்டு போனது. இந்த மண்ணில் கலந்துள்ள பீற் மொஸ் என்கிற உக்கிய சதுப்புப் பாசி ஒரு தடவை முற்றாகக் காய்ந்துவிட்டால் இப்படித்தான், தண்ணீரை லேசில் ஏற்காது. கடைசி மாதம் தினமும் ஊற்றியும் செடிகள் ஏன் தலை தொங்கின என்று இப்போது விளங்குகிறது. துணியின் நாலு பக்கமும் காற்றுப் படுவதால் வேர் சாடிக்குள் சுற்றிக்கொள்ளாது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மைதான், சுற்றவில்லை. அதே காற்று மண்ணையும் காய வைக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

கொட்டி, கிளறி, உரம் கலந்து, திரும்ப நிரப்புகிற வேலையை இத்தோடு விடுகிறேன். இனி உழாத மண். செடியை அடியில் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே உக்க விடுவது, பக்கத்தில் அடுத்ததை நடுவது. பூஞ்சை இழைகளும் புழு போட்ட வழிகளும் கலையாமல் கிடக்க வேண்டும். 19 லீற்றரில் அது நடக்காது. இன்றைக்குச் சேறு, நாளைக்குப் புழுதி என்றால் எந்த உயிர் அங்கே குடியிருக்கும்?

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17இல் கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நாலு செடி என்றார்கள். ஆளுக்கு நாலு அல்ல, வீட்டுக்கு நாலு. செடியைக் கூட்ட வழியில்லை. மண்ணைக் கூட்டலாம், அதை யாரும் எண்ணப் போவதில்லை.

ஜனவரி 11

விளக்குப் போட்டுச் செடி வளர்க்கும் கூடாரம் நாலுக்கு நாலு அடி. அதற்குள் 15 கலன் துணிச் சாடி நாலு வைக்கலாம், ஒன்று 57 லீற்றர். மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பெட்டிகளில் துளை போடலாம், ஆனால் மண்ணின் பாரத்தில் பக்கங்கள் வயிறு தள்ளும். மாமா வீட்டில் தக்காளி நட்ட பெட்டியைப் பார்த்திருக்கிறேன், ஆறு மாதக் கர்ப்பிணி மாதிரி இருந்தது. மூன்றாவது வழி, நாலு செடிக்கும் சேர்த்து ஒரே மரப் பாத்தி.

பாத்திதான் என்று மனம் சொல்லிவிட்டது. உள்ளளவு 40க்கு 40 அங்குலம், மண் 10 அங்குலம். கணக்குப் போட்டால் 262 லீற்றர், செடிக்கு 65 வருகிறது. தனிச் சாடிகளோடு பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சுவர்கள் குறைவு. ஒரு செடி கூடக் குடித்தால் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

பாரத்தை மட்டும் சும்மா விட முடியாது. நனைந்த மண் லீற்றருக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும் 260 கிலோவுக்கு மேல். சதுர அடிக்கு ஏறக்குறைய 52 பவுண்டு. வீடுகளின் மரத் தளங்களை இங்கே பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு என்று கணக்கிட்டுத்தான் கட்டுகிறார்கள். மேல்மாடி அறையில் வைக்க நினைத்திருந்தேன். வேண்டாம், பேஸ்மென்ற் கொங்கிரீட் தரைதான். சில்லுப் பூட்டும் எண்ணமும் அத்தோடு போயிற்று.

ஜனவரி 14

தைப்பொங்கல். வெளியே உறைபனி, பொங்கல் காஸ் அடுப்பில். பால் பொங்கும்போது புகை மணி அடித்ததைத் தவிரக் குறையில்லை.

அப்பா கிண்ணத்தில் புக்கையோடு கீழே வந்து என் வரைபடத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து ஏழாலையில் நாற்பது வருடம் புகையிலைத் தோட்டம் செய்தவர். பூவரசங்குழையை வெட்டி வந்து செம்மண்ணில் தாழ்த்தி, அதன்மேல் கன்று நட்ட கை.

"அடியிலை ஓட்டுத் துண்டு போடேல்லையோ? தண்ணி வடிய வேணுமெல்லோ."

நானும் கூழாங்கல் போடுவதாகத்தான் இருந்தேன். பிறகுதான் படித்தேன், அது வடிகாலைக் கூட்டாது, குறைக்கும் என்று. அப்பாவுக்குச் சொன்னால் நம்ப மாட்டார். சிங்கில் இருந்த ஸ்பொஞ்சை நன்றாக நனைத்துக் கையில் படுக்கையாகப் பிடித்தேன். சொட்டி, சொட்டி, நின்றது. அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பினேன். இன்னும் அரைக் கை தண்ணீர் ஒழுகியது.

அதே ஸ்பொஞ்ச்தான், உயரம்தான் மாறியது. மண்ணும் அப்படித்தான்: அடியில் ஒரு பட்டை ஈரத்தை எப்போதும் பிடித்து வைத்திருக்கும். கல்லைப் போட்டால் அந்த ஈரப் பட்டை கல்லுக்கு மேலே ஏறி உட்காரும், ஏனென்றால் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிக்குள் தண்ணீர் சுலபத்தில் இறங்காது. வேருக்கு மிஞ்சும் காய்ந்த உயரம் குறையும். பாத்தி ஆழமாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. பத்து அங்குலமே எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. ஆனால் கூடாரத்தின் உயரத்தில் விளக்குக்கும் செடிக்கும் இடம் விட வேண்டுமே.

அப்பா ஸ்பொஞ்சை வாங்கித் தானும் ஒருக்கால் செய்து பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 25

மரம் வாங்கினேன். மருந்து ஏற்றிய பலகை மலிவு, அதைத் தொடவில்லை. 2003 முடியும் வரை வீட்டுப் பலகைகளில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றினார்கள். இப்போது அது இல்லை, செம்பு சேர்ந்த மருந்து. மரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத்தான் அந்தச் செம்பு. பூஞ்சையை வேலைக்கு வைக்கப் போகிற பெட்டிக்கு அதை ஏன் வாங்குவான்?

ஆக, கனடாவின் மேற்குக் கடற்கரையின் செந்நிறச் சீடர் மரம். பெயர்தான் சீடர், சொன்னபடி கேட்காது. மென்மையான மரம், முனையில் முன்கூட்டித் துளை போடாமல் திருகாணி இறக்கினால் பிளக்கிறது. முதல் பலகை அப்படித்தான் போனது. கையிலிருந்த சாதாரணத் திருகாணிகளை ஈரத்துணியால் துடைத்த பலகையில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் தலையைச் சுற்றிக் கறுப்பு மை கசிந்த மாதிரி. சீடரில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் இப்படிக் கறுக்கும். எல்லாவற்றையும் கழற்றித் துருப்பிடிக்காத எஃகு வாங்கி வந்தேன்.

இரண்டுக்கு ஆறு என்று விற்கும் பலகை உண்மையில் ஒன்றரைக்கு ஐந்தரை அங்குலம். இரண்டை அடுக்கினால் பதினொன்று. வெளியளவு 43, கூடாரச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டரை அங்குலம். அடியில் சட்டங்களை அரை அங்குல இடைவெளி விட்டு அறைந்தேன், குறுக்கே மூன்று தாங்கு சட்டம், மேலே களை மறைப்புத் துணி. பக்கங்களுக்கு எதுவும் விரிக்கவில்லை. முழுவதும் நாலு அங்குலக் கால்களில் நிற்கிறது. கீழே ஒரு தாம்பாளம். காற்றும் போகும், எவ்வளவு வடிந்தது என்று டோர்ச் அடித்தும் பார்க்கலாம்.

அப்பா படியில் நின்றபடி, "உதென்ன தம்பி, சவப்பெட்டியே?"

"சதுரமான சவப்பெட்டி எங்கை பாத்தனீங்கள் அப்பா?"

பெப்ரவரி 2

நிரப்பினோம். பீற் மொஸ், கூட்டெரு, பியூமிஸ் என்கிற இலேசான எரிமலைக் கல், மூன்றும் சம பங்கு. பீற் மொஸ் 107 லீற்றர் என்று அமுக்கிக் கட்டிய பொதி. உதிர்த்தால் பெருகிக்கொண்டே போகிறது, பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. கடற்பாசித் தூளும் நண்டு ஓட்டுத் தூளும் கன அடி மண்ணுக்கு அரைக் கோப்பை வீதம். கலக்கும்போது பீற் மொஸ் புழுதி தொண்டையை அடைத்தது, முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். இதுதான் இந்த மண்ணைக் கிளறும் கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டே கிளறினேன்.

தண்ணீர் 13 லீற்றர், மண்ணின் அளவில் இருபதில் ஒரு பங்கு. பூவாளியால் மூன்று தவணையாக, நடுவே அரை மணித்தியாலம் விட்டு. தாம்பாளத்தில் ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான் வடிந்தது. பிறகு சிவப்புப் புழு ஒரு பெட்டி. விளக்கைப் போட்டதும் இரண்டு நிமிடத்தில் எல்லாம் உள்ளே.

பெப்ரவரி 9

மூடுபயிருக்கு வெள்ளைக் குளோவர் விதை தேடிக்கொண்டிருந்தேன். அப்பா குசினியிலிருந்து ஒரு பிடி வெந்தயத்தைக் கொண்டுவந்து தூவிவிட்டார். போன வியாழன் தூவியது, இன்று பாத்தி முழுக்கப் பச்சை மயிர். அவரையினத்துச் செடிதானே, என்ன குறை? வளர்ந்ததும் கத்தரித்து அப்படியே மேலே போட வேண்டியது. பாதியை மனைவி கறிக்குக் கேட்கிறாள்.

மார்ச் 1

சின்னக் கறுப்புக் கொசு. கூட்டெருவோடு வந்திருக்க வேண்டும். மஞ்சள் ஒட்டுத் தாள் நாலு தொங்கவிட்டேன், மேல்மண்ணைக் கொஞ்சம் காயவிட்டு வைக்கோல் பரப்பினேன்.

மார்ச் 15

மண் ஒரு அங்குலம் இறங்கியிருக்கிறது. கூட்டெருவை மேலே தூவினேன், கிளறவில்லை. கிளறக் கை துடித்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். அனுமதி பெற்ற கடையில் வாங்கிய விதைகள் நாலும் முளைத்துவிட்டன; வெந்தயத்தை விலக்கி, மூலைக்கு ஒன்றாக நட்டேன். நடு வெறுமையாகக் கிடக்கிறது, அடுத்த முறைக்கு.

ஏப்ரல் 6

பத்து நாளாக ஒரே ஒரு தடவைதான் தண்ணீர். விரலை விட்டால் இரண்டாவது கணு வரை பிழிந்த துணி மாதிரி ஈரம். ஓரத்திலும் அதே ஈரம், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இன்று வைக்கோலை விலக்கியபோது சரி நடுவில் மண் புதிதாகப் பொங்கி நிற்கக் கண்டேன். விரலால் தொட்டால் பஞ்சு. மேலே போய், "அப்பா, நடுவிலை கொத்தினீங்களோ?" என்றேன்.

பேப்பரை இறக்காமலே சொன்னார். "கொத்தேல்லை. முருங்கை இலை ஆய்ஞ்ச காம்பு கொஞ்சம் கிடந்தது. குழை தாழ்த்தனான்."

கோபத்தோடு திரும்ப இறங்கி அந்த இடத்தை லேசாகத் திறந்தேன். முருங்கைக் காம்பைச் சுற்றிப் புழுக்கள் கயிறு திரித்த மாதிரி. பெட்டியில் வாங்கியதைவிடக் கூட இருக்கும். மூடி, வைக்கோலைச் சரிசெய்து, அடையாளத்துக்கு ஒரு ஐஸ்கிறீம் குச்சியைக் குத்திவிட்டு வந்தேன். கைக்கரண்டியை மட்டும் கராஜுக்குக் கொண்டுபோய் மேல் தட்டில் வைத்தேன், அவருக்கு எட்டாத உயரத்தில்.