ஒரு மா கோதுமை

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகருக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகியும், யாரையும் விசாரிக்காமல் நானாக ஒரு காரியம் செய்ததாக நினைவில்லை. குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதிலிருந்து, மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்வது வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒருவர் வழிகாட்ட வேண்டியிருந்தது. அந்த நிலையில்தான், ஜூன் மாதத்தில் ஒருநாள், அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் பயிர் வட்டங்களைப் பற்றிச் சொன்னார். கோடை வந்தால் வில்ட்ஷைர் மாவட்டத்து வயல்களில் ஒரே இரவில் பயிர் சாய்ந்து வட்டங்கள் தோன்றும் என்றும், அவற்றைப் பார்க்கவே வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்றும் சொல்லிவிட்டு, நெல் விளையும் ஊரிலிருந்து வந்த நான் போய்ப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

முதல் முறை போனது வீண். வயலின் சொந்தக்காரர் அதற்கு முந்தைய நாளே வட்டத்தின் நடுப்பகுதியை அறுத்துத் தள்ளி, கேட்டையும் பூட்டியிருந்தார். கூட்டம் வராமல் தடுக்கச் சில விவசாயிகள் இப்படிச் செய்வதுண்டு. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் 49ஆம் எண் பேருந்தில் ஏறி ஏவ்பரியில் இறங்கினேன். ஊரைச் சுற்றிப் பழைய கற்கள் வட்டமாக நிற்க, தெற்கே ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் மண்ணைக் கொட்டி எழுப்பிய சில்பரி மேடு தெரிந்தது. அதையும் தாண்டி அரை மணி நேரம் நடந்தபின், ஒரு சரிவில் கோதுமை வயலும், அதன் நடுவே வெளிறிய ஒரு வட்டமும் கண்ணில் பட்டன. வேலியோரம் ஒரு தகர உண்டியலைக் கட்டி, ஆளுக்கு இரண்டு பவுண்ட் போடும்படி அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். போட்டுவிட்டு உள்ளே போனேன்.

விளைந்த பயிரை மிதிக்கக் கூடாது என்பது சின்ன வயதில் மன்னார்குடிப் பக்கத்து வரப்புகளில் அடி வாங்கிக் கற்ற பாடம். இங்கே வரப்பு கிடையாது. மருந்து அடிக்கவும் உரம் போடவும் டிராக்டர் போய்வரும் இரட்டைத் தடங்கள்தாம் வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகின்றன. அந்தத் தடத்திலேயே நடந்து வட்டத்தை அடைந்தபோதுதான், எனக்கு முன்னால் இரவில் வந்தவர்களும் இதே வழியில்தான் வந்திருப்பார்கள், அதனால்தான் சுற்றியுள்ள பயிரில் ஓர் அடிச்சுவடுகூட இல்லை என்பது உறைத்தது. பலர் பெரிய மர்மமாகச் சொல்லும் விஷயம் இது.

குறுக்கே 78 எட்டுகள் வைத்தேன். உத்தேசமாக 60 மீட்டர். மார்கழி மழையில் சம்பா சாய்வதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: காற்று சாய்த்த பயிர் திட்டுத் திட்டாக, தலைக்கு ஒரு பக்கமாகக் கிடக்கும். இங்கோ, தலை வாரிவிட்டதுபோல் சாய்ந்த தாள்கள் எல்லாம் ஒரே சுழிப்பில் படுத்திருந்தன. குனிந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். அடியில் நசுங்கியிருந்தாலும் முறியவில்லை. மேல் கணுவில் முழங்கை மடக்கியதுபோல் வளைந்து, கதிர் மீண்டும் வானத்தை நோக்கித் திரும்பியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, அந்தக் கணுக்கள் வீங்கி நீண்டிருப்பதே வேற்றுக்கிரகச் சக்திக்குச் சாட்சி என்று என்னிடம் மிகுந்த பரிவோடு விளக்கினார். பச்சைத் தாள் படுத்துவிட்டால், கணுவின் அடிப்பக்கம் மட்டும் வேகமாக வளர்ந்து தலையைத் தூக்கப் பார்க்கும். படுத்துப்போன நெல்லில் இரண்டு மூன்று நாளில் இதைக் காணலாம். அதை அவரிடம் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். பிறகு பேச்சு இட்லியைப் பற்றித் திரும்பிவிட்டது.

இந்தக் கலையின் மூலவர்கள் யார் என்பது ஒளிவு மறைவான சங்கதி அல்ல. சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டக் பவர், டேவ் சோர்லி என்ற இரு நண்பர்கள், 1970களின் பிற்பாதியிலிருந்து ஒரு பலகையையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு வட்டங்கள் போட்டுவந்ததாக 1991 செப்டம்பரில் ஒப்புக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் டல்லி என்ற ஊரில் 1966இல் சதுப்பு நாணல் வட்டமாகச் சாய்ந்துகிடந்ததும், பறக்கும் தட்டு இறங்கிய இடம் அது என்று செய்தி பரவியதும்தான் அவர்களுக்குத் தூண்டுதல். சோதனைக்காக அவர்கள் போட்ட ஒரு வட்டத்தைப் பார்த்துவிட்டு, இதை மனிதர் செய்திருக்க முடியாது என்று சான்று கொடுத்தார் பாட் டெல்காடோ என்ற ஆய்வாளர். டெரன்ஸ் மீடன் என்ற வானிலையாளரோ சுழற்காற்றே காரணம் என்று வாதாடிவந்தார். படங்கள் சிக்கலாகச் சிக்கலாக, காற்றுக்குக் கணிதம் தெரியும் என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. 2001 ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் மில்க் ஹில் குன்றில் 409 வட்டங்கள் சேர்ந்த ஒரே உருவம் தோன்றியது. உண்மை வெளியானபின் வந்தவைதாம் அதிக அழகு என்பது என் எண்ணம். செய்கிறவர்களின் கை பழகிவிட்டது.

வட்டத்தின் நடுவில் தாள்களை விலக்கிப் பார்த்தேன். பெருவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி இருந்தது. கிணறு வெட்ட இடம் குறிக்கும்போது அப்பா முளைக்குச்சியை அறைந்து, கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுற்றிவருவார். பிடுங்கிய பிறகு மிஞ்சும் குழி இப்படித்தான் இருக்கும். அந்த நாட்டில் யாரையும் கேட்காமல் எனக்கு விளங்கிய முதல் விஷயம் அது என்பதால், சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இரவு அப்பாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் விவரித்தேன். வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"எவ்வளவுப்பா படுத்துப்போச்சு?"

வட்டத்தில் பாதிதான் மிதிபட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, இருக்கும் என்றேன். இங்கே ஹெக்டேருக்கு எட்டு டன் விளையும் என்பதால், ஒரு டன் கோதுமை அறுவடை இயந்திரத்துக்கு எட்டாமல் தரையோடு போயிருக்கும் என்றும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"உண்டியல்ல எவ்வளவு போட்டே?"

"ரெண்டு பவுண்டுப்பா."

"அடுத்த தடவை போனா இன்னும் கொஞ்சம் போட்டுட்டு வா," என்றார்.