கருத்த ஓலையும் வட்டத் துளையும்

எங்கள் தோப்பு பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் இருக்கிறது. வரி ரசீது மலையாளத்தில் வரும். வீட்டிலும் தோப்பிலும் நாங்கள் பேசுவது தமிழ். மூன்று ஏக்கர் நிலத்தில் 25 அடி இடைவெளியில், வரிசைக்கு 12 வீதம் 17 வரிசைகளாக 204 தென்னைகள் நிற்கின்றன. தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, அப்பா விட்டுச் சென்ற இந்தத் தோப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளை ஈ பெருகித் தென்னை ஓலைகள் கருத்தபோது இங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்காக 2017 பிப்ரவரி முதல் 2018 மே வரை நான் செய்ததை, இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016 இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. நடு அமெரிக்காவைச் சேர்ந்த அந்தப் பூச்சி அந்த ஆண்டு முடிவதற்குள் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. ஓலைகள் கரி பூசியதுபோல ஆயின. தென்னைக்கு அடியில் நின்ற வாழையும் கருத்தது. 2017 ஜனவரியில், மருந்துக் கடையில் கொடுத்த பூச்சிக்கொல்லியை விசைத்தெளிப்பான் வைத்து அடிக்கச் செய்தேன். வண்டி சாலையோரத்தில்தான் நிற்க முடியும், குழாயின் நீளமும் போதாது என்பதால் மேற்கு ஓரத்து நான்கு வரிசைகளுக்கு மட்டுமே, அதாவது 48 மரங்களுக்கு மட்டுமே மருந்து கிடைத்தது. இரண்டு வாரம் ஈ குறைந்ததுபோல் இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் முன்னைவிட அதிகம் என்று தோன்றியது. ‘தோன்றியது’ என்பதைத் தாண்டி என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. கையில் ஓர் எண்ணிக்கைகூட இல்லாமல் பணத்தைச் செலவழித்திருக்கிறேன்.

எங்கள் தோப்பில் சில மரங்களைக் குத்தகைக்கு எடுத்துக் கள் இறக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நாள்தோறும் மரத்தின் உச்சிக்குப் போய் வருகிறவர் என்பதால் அவரிடம் கேட்டேன்.

“டீச்சர், கீழ நின்னு பார்த்தா கருப்புதாங்க தெரியும். கருப்பு எந்த மட்டையில இருக்குதோ அந்த மட்டையில காரணம் இல்லீங்க. அதுக்கு மேல இருக்கற மட்டையோட அடிப்பக்கத்தப் பாருங்க” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஈ கீற்றின் அடிப்பக்கத்தில் வட்ட வட்டமாக, வெண்மெழுகு படர்ந்த சுருள்களாக முட்டையிடுகிறது. அங்கேயே இருந்து சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவைக் கீழே சொட்டவிடுகிறது. அது விழும் கீழ்மட்டைகளின் மேற்பரப்பில்தான் கரும்பூஞ்சணம் வளர்கிறது. நாங்கள் மருந்தைப் பீய்ச்சியதோ பெரும்பாலும் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிந்த கீழ்மட்டைகளின் மீது.

அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன்: ஒரு மாதத்துக்கு எதுவும் செய்வதில்லை, பார்ப்பது மட்டும்தான். ஒரு கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் கண்டதை மட்டும், வலப்பக்கம் நினைத்ததை மட்டும் எழுதுவது என்று விதி வைத்துக்கொண்டேன். எளிய விதி என்று நினைத்தேன், ஆனால் முதல் நாளிலேயே தவறினேன். இடப்பக்கத்தில் ‘கருகிய ஓலை’ என்று எழுதியிருந்தேன். கருகியது என்பது கண்டதல்ல, என் முடிவு. மறுநாள் அதை அடித்துவிட்டு, ‘மேற்பரப்பில் கரும்படலம், ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது, துடைத்த இடம் பச்சையாக இருக்கிறது’ என்று எழுதினேன். இந்த ஒரு திருத்தம் என் அச்சத்தில் பாதியைக் குறைத்தது, ஏனென்றால் கருகிய ஓலை இறந்த ஓலை, படலம் படிந்த ஓலையோ உயிருள்ள ஓலை. மைதாக் கஞ்சியைத் தெளித்துக் காயவிட்டால் அந்தப் படலம் அப்பளம்போல உரிந்து விழுந்துவிடும் என்பதையும் பிறகு அறிந்துகொண்டேன்.

அடுத்த வேலை எண்ணுவது. நகைத் தொழிலாளர்கள் பயன்படுத்துகிற, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். கீற்றின் அடிப்பக்கத்தை அதில் பார்த்தபோதுதான் ஆங்கில எழுத்தான ‘டி’ வடிவத்தில் பிளந்த வெற்றுக்கூடுகளும் சின்ன வட்டத் துளையுள்ள வெற்றுக்கூடுகளும் தனித்தனியாக இருப்பதைக் கண்டேன். இடப்பக்கத்தில் இரண்டையும் வரைந்து வைத்தேன். என்ன வேறுபாடு என்று எனக்கு அப்போது தெரியாது. கிருஷி பவனில், அதாவது ஊர் வேளாண் அலுவலகத்தில், கேட்டபோது அங்கிருந்த இளம் அலுவலர் விளக்கினார். வெள்ளை ஈ தன் கூட்டிலிருந்து ‘டி’ வடிவப் பிளவின் வழியாக வெளிவரும். என்கார்சியா என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு வளர்ந்தால், அந்தக் கூடு முதலில் கருமையடையும். பிறகு குளவி வட்டமாகத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஆக, ஒவ்வொரு கூடும் தனக்குள் யார் பிழைத்தார் என்பதைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. இதைக் கேட்டு வீடு திரும்பிய அன்று மாலை முழுவதும், கண் வலிக்கும்வரை கூடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்த மரத்தை எண்ணுவது என்பதை நான் தேர்ந்தெடுத்தால் மோசமான மரங்களிடமே போய் நிற்பேன். அதனால் சீட்டுக் குலுக்கி, மருந்தடித்த பகுதியில் பத்து, அடிக்காத பகுதியில் பத்து என 20 மரங்களை எடுத்தோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அண்ணன் ஏறி, ஒவ்வொரு மரத்திலும் நடுமட்டை ஒன்றிலிருந்து ஒரு கீற்றை நறுக்கிக் கொண்டுவருவார். முதல் இரண்டு முறை நான் நேராக எண்ணினேன். மூன்றாம் முறை ஓர் ஐயம் வந்தது: மருந்தடித்த மரத்துக் கீற்று என்று தெரிந்தவுடன் ஈயைத் தேடுவதில் என் கண் சற்றுக் கூடுதல் ஊக்கம் காட்டியதோ? அதிலிருந்து என் அக்கா மகள் கீற்றுகளைப் பழைய தபால் உறைகளில் போட்டு, தனக்கு மட்டும் தெரிந்த எண்ணை எழுதித் தருவாள். எந்த மரம் என்று தெரியாமலே எண்ணி முடிப்பேன். அவள் பிறகு பட்டியலைத் திறப்பாள். இரண்டு பகுதிகளுக்கும் இடையிலான வேறுபாடு முன்பு நான் எழுதியிருந்ததைவிடக் குறைந்துதான் போனது, ஆனால் மறையவில்லை. மறையாமல் எஞ்சியதை மட்டுமே நம்பத் தொடங்கினேன். மார்ச் மாதம் மருந்தடிக்காத மரங்களில் நூறு வெற்றுக்கூடுகளுக்கு 41 வட்டத் துளையுடன் இருந்தன. மருந்தடித்த மரங்களில் 9.

எண்களாக இருந்தவரை இதன் பொருள் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. படமாக்கியபோது உடனே தெரிந்தது. வரைபடத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு மரம் என்று தோப்பை வரைந்து, 204 மரங்களையும் கீழிருந்து பார்த்து நான்கு நிறங்களில் தரம் பிரித்துத் தீட்டினேன். அடர் நிறம் மேற்கு ஓரத்தில் நான்கு வரிசையோடு, கத்தரித்ததுபோல நின்றது. ஐந்தாம் வரிசையிலிருந்து நிறம் இளகியது. காற்றில் பரவும் பூச்சி நான்காம் வரிசை முடிவில் ஏன் நிற்க வேண்டும்?

அவசரப்பட்டு மருந்தின் மேல் பழி போடாமல் இருக்க முயன்றேன், ஏனென்றால் மேற்கு ஓரம் சாலையோரமும்கூட. புழுதி படிந்த இலைகளில் ஒட்டுண்ணிக் குளவிகள் சரியாக வேலை செய்வதில்லை என்பார்கள். புழுதிதான் காரணம் என்றால் வேறு எங்கே அது தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வடக்கு ஓரத்திலும் ஒரு மண்பாதை உண்டு. செங்கல் லாரிகள் போவதால் அங்கே புழுதி இன்னும் அதிகம். அந்த ஓரத்து மரங்களில் மருந்தடிக்காதவற்றின் கட்டங்கள் இளம் நிறத்தில்தான் இருந்தன. 1854 இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது இறப்புகளைத் தெருப்படத்தில் குறித்துப் பார்த்த மருத்துவர் ஜான் ஸ்னோ, நோய்க்குக் காரணம் என்று அவர் ஐயுற்ற கைப்பம்புக்கு அருகிலேயே இருந்த மதுவடிசாலைத் தொழிலாளர்கள் ஏன் நோய்வாய்ப்படவில்லை என்றும் விசாரித்தார். அவர்கள் மதுவையே குடித்தார்கள், அந்தப் பம்பின் நீரைக் குடிக்கவில்லை என்பது தெரியவந்தது. இதை வகுப்பில் பலமுறை கதையாகச் சொல்லியிருக்கிறேன். படத்தில் நிறம் ஏறிய இடத்தைவிட, ஏறியிருக்க வேண்டியும் ஏறாத இடம் அதிகம் சொல்லும் என்பது வடக்கு ஓரத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு பழைய நாட்காட்டி ஒன்றின் பின்பக்கத்தில் அம்புக்குறிகள் போட்டு வரைந்தேன். ஈ பெருகினால் இனிப்புக் கழிவு பெருகும். கழிவு பெருகினால் கருப்பு பெருகும். மருந்தடித்தால் ஈ குறையும், குளவியும் குறையும். ஈ மெழுகுப் பூச்சுக்குள் பாதுகாப்பாக இருப்பதால் ஒரு பகுதி தப்பிக்கிறது. அதைத் தின்று வளரும் குளவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஈ முதலில் மீள்கிறது. எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் ‘கருப்பு’ என்ற வட்டத்திலிருந்து ‘மருந்து’ என்ற வட்டத்துக்குப் போகும் அம்பு மட்டும் அந்தரத்தில் நின்றது. கருப்பு தானாகத் தெளிப்பானை எடுப்பதில்லை. நடுவே நான் இருந்தேன். என் அச்சம், பக்கத்துத் தோப்புக்காரர் அடித்துவிட்டார் என்ற செய்தி, கடைக்காரரின் கடன் வசதி ஆகிய மூன்றும் இருந்தன. அவற்றையும் வட்டங்களாகப் போட்டு இணைத்தபோதுதான் அந்தச் சுற்று முழுமையடைந்தது. இத்தனை நாளும் தோப்பை வெளியிலிருந்து பார்ப்பதாக நினைத்திருந்தேன். ஈயைப்போல நானும் உள்ளேதான் இருந்திருக்கிறேன்.

அக்கம்பக்கத்தில் 11 தோப்புக்காரர்களிடம் பேசினேன். முதலில், “வெள்ளை ஈயால எவ்வளவு காய் போச்சுங்க மாமா?” என்று கேட்டேன். எல்லோரும் ‘பாதிக்குப் பாதி’ என்றார்கள். கேள்விக்குள்ளேயே விடையை வைத்துக் கேட்டது என் பிழை. மறுபடி போய், ஈயைப் பற்றிய பேச்சே எடுக்காமல், “போன வெட்டில எத்தனை காய்? அதுக்கு முந்தின வெட்டில எத்தனை? வாய்க்கால்ல கடைசியா எப்பத் தண்ணி வந்தது?” என்று கேட்டபோது வேறு சித்திரம் கிடைத்தது. சிலருக்கு ஈ வருவதற்கு முன்பே காய் குறைந்திருந்தது.

அப்பாவின் வெட்டுக்கணக்கு நோட்டு எனக்கு அதைத் தெளிவாக்கியது. நாங்கள் 45 நாளுக்கு ஒருமுறை காய் வெட்டுவோம். அப்பாவுக்குப் பின் நானும் அதே நோட்டில் எழுதி வந்தேன். 2017 பிப்ரவரி வெட்டில் எண்ணிக்கை சரிந்திருந்தது. விரிந்த பாளை முற்றிய காயாக 11 முதல் 12 மாதம் ஆகும். எனவே அந்த வெட்டின் காய்கள் 2016 மார்ச்சை ஒட்டி விரிந்த பாளைகள். அப்போது எங்கள் தோப்பில் இந்த ஈ இல்லவே இல்லை. அந்தக் கோடையில் குரும்பை உதிர்ந்ததன் விளைவை மறு ஆண்டு வெட்டியிருக்கிறோம். அதன் மேல் 2016 தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் 34 விழுக்காடு குறைந்தது. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று இருந்தாலும், வறண்ட ஆண்டில் அந்த நீருக்காக இரு மாநில உழவர்களும் வானத்தைப் பார்த்தே நின்றோம். வறட்சிக்குப் பெரும்பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வறட்சிக்கு இவ்வளவு, ஈக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என் ஒரு தோப்பின் கணக்கு போதாது.

தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டை விடும் என்பதால், குருத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணினால் மரமே ஒரு நாட்காட்டி. இதையும் அண்ணன்தான் கற்றுக்கொடுத்தார்.

மே மாதக் கடைசியில் மருந்தடித்த ஒரு மாமா, ஜூன் நடுவில், “சுத்தமா நின்னு போச்சு டீச்சர், நீங்களும் அடிச்சிருக்கலாம்” என்றார். என் தோப்பிலும் அப்போது குறைந்துதான் இருந்தது. ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்றும் மழையும் வந்தால் ஈ எல்லோருக்கும் குறையும். அவரிடம் வாதாடாமல் என் தாள்களைக் காட்டினேன். மே மாதத்துக்குள் மேற்கு வரிசைகளிலும் வட்டத் துளைகள் நூற்றுக்கு 33 ஆக ஏறியிருந்தன. நான் அங்கே செய்தது தண்ணீரைப் பீய்ச்சியதும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைக் கட்டியதும் மட்டும்தான். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் தோப்பிலும் ஒரு கீற்றை நறுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். லென்ஸைக் கொடுத்தனுப்பினேன்.

2018 கோடையில் ஈ மறுபடி வந்தது. நிறம் இம்முறை தோப்பு முழுவதும் கலைந்து, எங்கும் அடர்த்தியாகத் திரளாமல் இருந்தது. மருந்தடிக்கவில்லை. மே மாத எண்ணிக்கையோடு பதினைந்து நாள் கணக்கை நிறுத்திவிட்டேன்.

அந்தக் கடைசித் தாளில் வேறொன்று இருக்கிறது. கிழக்குப் பக்கம் ஆறு மரங்களில் கீற்றுகள் விலா எலும்புகளைப்போல உள்நோக்கி வளைந்து தொங்குவதை இடப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அலுவலர் வந்து பார்த்து, வேர்வாடல் நோயாக இருக்கலாம் என்றார். அது பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வருவது, வேறு சாறுண்ணிப் பூச்சிகள் பரப்புவது, வெள்ளை ஈக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆறு மரங்களின் கட்டங்களைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டேன். அவற்றை ஒட்டி நிற்கும் மரங்களையும் ஒவ்வொரு மாதமும் பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னபோது, எந்த மட்டையிலிருந்து தொடங்குவது என்று கேட்டார். குருத்திலிருந்து என்றேன். புதிய நோட்டின் நடுவில் கோடு போட்டு, அந்த மரங்களின் எண்களை எழுதி வைத்திருக்கிறேன்.